நான் மாற்றிய நான்கு வரிகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கண்ட்ரோல் பேனல் செய்யும் ஷெட்டுக்கு மேல்மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் பிரிவு இருந்தது. மொத்தம் ஆறு பேர். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும் பட்டன், மீட்டர், அலாரம் எல்லாம் எங்கள் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பில் இருந்து போனவை. அது சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. வாங்குகிற ஆலைகளில் ஒன்று ஜாவாவில் வேண்டும் என்றது, இன்னொன்று விஷுவல் பேசிக்கில் என்றது. எந்த மொழியில் இருந்தும் அதே பட்டனைக் கூப்பிடும்படி நடுவில் பாலம் போடுவது என் வேலை.

ஜாவா பாலத்தை முதலில் வாங்கியது பக்கத்துச் சாலையில் இருந்த கம்பி இழுக்கும் ஆலை. அங்கே புரோகிராம் எழுதியது ஒரே ஒரு பெண். ஒருநாள் போன் செய்தார்.

"சார், பட்டன அழுத்துனா இன்னா நடக்கணும்னு ஒரு ஆப்ஜெக்ட் குடுக்கறேன்ல, அத நான் புடிச்சு வெச்சுக்கினு இருக்கணுமா, உங்க லைப்ரரியே வெச்சுக்குமா?"

"நாங்க வெச்சுப்போம்மா. கவலப்படாதீங்க."

அன்றைக்கு அது உண்மைதான்.

சில மாதம் கழித்து வேறோர் ஆலையில் மெமரி நிரம்பி நிரம்பிக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஆலைக்காரர்கள் கொடுத்த ஆப்ஜெக்ட் எதையும் என் பாலம் விடாததுதான் காரணம். நான்கு வரி மாற்றிப் பிடியைத் தளர்த்தினேன். இனிமேல் ஜாவா பக்கம் யாரும் பிடித்து வைக்காத ஆப்ஜெக்டை ஜாவாவே மெமரியிலிருந்து துடைத்துவிடும். அதன்பின் பட்டனை அழுத்தினால், புரோகிராம் நொறுங்காமல் இருக்க, பாலம் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். புது வெர்ஷன் எல்லா ஆலைக்கும் போனது. இந்த மாற்றத்தை அதோடு போன குறிப்பில் நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

கம்பி ஆலையில் ஒருநாள் உருளையில் கம்பி சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் திரையில் நிறுத்தும் பட்டனை அழுத்தினார். பட்டன் உள்ளே போய் நிறம் மாறியது. ஆனால் அதற்குக் கொடுத்த ஆப்ஜெக்ட் எப்போதோ துடைபட்டுப் போயிருந்ததால் மோட்டாருக்கு எதுவும் போகவில்லை. சிக்கில் உருளை அசையாமல் இருந்ததால் மோட்டார் நின்றுவிட்டது என்று நம்பிக் கையால் கம்பியை இழுத்தார். சிக்கு விட்டதும் உருளை சுற்றியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஆலையில் நடந்த விசாரணைக்கு எங்கள் மேனேஜரோடு நானும் போனேன். "எங்க லைப்ரரில தப்பு இல்ல. ஆப்ஜெக்ட புடிச்சு வெச்சுக்க வேண்டியது அவங்க பொறுப்பு" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "சார், நான் உங்கள போன்ல கேட்டேனே?"

"ஞாபகம் இல்ல" என்றேன். நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் போயிற்று. பிறகு ஆரம்பாக்கம் பக்கத்தில் ஆபரேட்டர் வீட்டைத் தேடிப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டன், பாலம், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பட்டன் உள்ள போனத என் கண்ணால பாத்தேன் நைனா. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் பொண்ணாண்ட சொல்லு."

அந்தப் பெண்ணின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆலையில் விசாரித்தேன், ஊரைவிட்டே போய்விட்டார் என்றார்கள். நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு டிராயரில் வைத்துப் பூட்டினார். "விஷுவல் பேசிக் வெர்ஷன் எப்போ முடியும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை முடியும் என்றேன். முடித்தும் கொடுத்தேன்.