அக்கம்மாள் வைத்த பலா

கோம்பையில் எங்கள் அடுத்த வீட்டு அக்கம்மாள் மரம் வைத்தால் இடம் பார்த்துத்தான் வைப்பாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, மாட்டுக்கொட்டத்துக்கு மேற்கே வேம்பு, வேலியோரம் நாரத்தை. கொல்லையின் நடுவில் மட்டும் என்ன வைப்பது என்று மூன்று மாதம் யோசித்தாள். அங்கேதான் அவள் பிள்ளை கிடந்தது. மூச்சில்லாமல் பிறந்ததைப் புருஷன் சின்னக்கருப்பு அங்கே புதைத்திருந்தான். அறுபத்தெட்டாம் வருஷம் அது.

"முருங்கை வையேன், சீக்கிரம் வளரும்" என்றேன்.

"காத்தடிச்சா ஒடிஞ்சு பிள்ள மேல விழுமேக்கா."

"கொய்யா?"

"தெருப் பிள்ளைகளெல்லாம் ஏறி மிதிக்கும்."

"அப்பப் பப்பாளி வையி."

"அது நாலு வருசத்துல செத்துரும். பெறகு இது தனியாவா கெடக்கும்?"

கடைசியில் குமுளிக்குப் போய் ஒரு பலாக்கன்று கொண்டுவந்தாள். நூறு வருஷம் நிற்குமாம். வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

மரம் வளர்ந்தது. ஒரு பிஞ்சுகூட விடவில்லை. ஏழாம் வருஷம் சின்னக்கருப்பு, வெட்டிவிட்டு இரண்டு தென்னை வைக்கப்போகிறேன் என்றான். அக்கம்மாள் அன்றைக்குச் சோறு தொடவில்லை. நான்தான் நடுவில் போய், "ஒருக்கா மெரட்டிப் பாருப்பா, பெறகு வெட்டலாம்" என்றேன்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் வழக்கம். ஒருத்தர் கோடரியை ஓங்கி, "வெட்டட்டுமா?" என்று கேட்பார். மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர், மரமே பேசுவதுபோல, "வேணாம், வர்ற வருசம் காய்க்கிறேன்" என்பார். மரமாகப் பேச என்னைப் பின்னால் நிற்கவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சிவெயில். இலை அசையவில்லை. எனக்கு வாய் நிறைய வெற்றிலைச் சாறு. துப்பிவிட்டுப் பேசலாம் என்றிருந்தேன். அதற்குள் சின்னக்கருப்பு கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி ஒன்று போட்டான்.

"வெட்டட்டுமா?"

"அய்யா, வலிக்குது."

சின்னக் குரல், பிள்ளை அப்பனைக் கூப்பிடுவதுபோல. என் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

சின்னக்கருப்பு சிரித்தான். "என்ன மதினி, சொல்லிக் குடுத்தத மாத்திப் பேசுறீக! காய்ப்பீகளா, மாட்டீகளா?"

நான் வெளியே வந்தேன். கன்னம் இரண்டும் உப்பி, உதட்டோரம் சிவப்பு வழிய, பேச முடியாமல், நானில்லை என்று தலையை ஆட்டினேன். என் வாயையே பார்த்தான். சிரிப்பு நின்றது. கோடரியை அங்கேயே போட்டுவிட்டுப் போனவன், சாகும்வரை கொல்லைப் பக்கம் வரவில்லை.

நான்தான் பேசினேன், இப்போது கதை கட்டுகிறேன் என்கிறது ஊர். அவ்வளவு சாற்றை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தி அப்படித் தெளிவாகப் பேசிக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அக்கம்மாள் மட்டும் சந்தேகப்படவில்லை. பொழுது சாய வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீதான் கிட்டத்துல நின்ன. ஆம்பளப் பிள்ள கொரலா, பொம்பளப் பிள்ள கொரலா?"

பிரசவத்தில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோதே சின்னக்கருப்பு புதைத்துவிட்டான். என்ன பிள்ளை என்று அவளிடம் சொன்னதே இல்லை.

"பொம்பளப் பிள்ளதான்" என்றேன். காதில் கேட்டதைத்தான் சொன்னேன்.

மறுநாள் பலாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மரம் கடைசிவரை காய்க்கவில்லை. யாரும் வெட்டவும் இல்லை. அந்தப் பேரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் பதில் வருகிறது.