பிசிறு வெட்டும் முக்காலி

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வீட்டில் ரொட்டியை இரண்டாக வெட்டினாலும் தராசில் நிறுத்ததுபோல இருக்கும் என்று கணவரே கேலி செய்வார். பதினேழு வருடம் வெட்டும் மேசையில் அவள் வைத்ததுதான் சட்டம். அறுபது அடுக்குத் துணியை மின்கத்தி ஒரே மூச்சில் அறுக்கும். விரற்கடை பிசகினால் அறுபது மேல்கோட்டும் போச்சு.

வெல்வெட் என்றால் இன்னும் பத்தியம். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரக்கும். எல்லா அடுக்கும் ஒரே திசையில் விரிய வேண்டும். திசை மாறினால் ஒரே நிறம் இரண்டாகத் தெரியும். அதனால் அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம்: வெட்டுகிறவள் பத்து அடுக்குக்கு ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கடைசியில் மேலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்தால் பொறுப்பு அவளுடையது.

துணி விரிப்பவள் அவளுடைய உயிர்த்தோழி. பன்னிரண்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அன்றைக்கு, "எல்லாம் நானே தடவிப் பாத்துட்டேன்கா, நீங்க கோடு போடுங்க" என்றாள். மில்லிமீட்டர் மேலடுக்கை மட்டும் தடவிவிட்டுக் கோடு போட்டாள். நம்பிக்கைதானே, அதற்கு அளவுகோல் ஏது?

தைத்து மாட்டிய கோட்டுகளை வரிசையாகப் பார்த்தால், பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்பதுபோல இருந்தன. முதலாளியம்மா கேட்டபோது தோழி கண்கூட இமைக்கவில்லை. "திசை மாறுதுன்னு நான் அப்பவே சொன்னேன் மேடம். அக்காதான் பரவால்ல, வெட்டிக்கலாம்னாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். நடந்தது எட்டுப் பேருக்கும் தெரியும். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அங்கே என்ன புதையலா கிடந்தது? கத்தி தோழி கைக்குப் போயிற்று. மில்லிமீட்டருக்குக் கதவோரத்தில் ஒரு முக்காலியும் நூல் பிசிறு வெட்ட ஒரு சின்னக் கத்திரியும் கிடைத்தன. முதல் நாளே கை நடுங்கத் தொடங்கியது. பிடித்து அழுத்தினாலும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லச் சொல்லப் புண் ஆறவில்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் மறுபடி ஆரம்பிக்க, கணவர் மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காத. நேத்து நீ சொன்ன கதையில அவ சிரிக்கல. இன்னைக்குச் சொல்றப்ப சிரிச்சுட்டா."

ஆமாம், தோழி சிரிக்கவில்லை. வேறு எதையெல்லாம் சேர்த்தோம் என்று தேடப்போனவளுக்கு, எதையெல்லாம் விட்டோம் என்பது அகப்பட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மேற்பார்வையாளர் இஸ்திரிப் பெட்டியைக் கவனிக்காமல் வைத்து ஒரு கழுத்துப்பட்டியைக் கருக்கினார். பழி இஸ்திரிக்காரர் தலையில் விழுந்தது. பார்த்தவள் இவள் ஒருத்திதான். அந்த மனிதர் இவள் முகத்தைப் பார்த்தார். இவள் தரையைப் பார்த்தாள். அங்கே தரை ஓட்டில் இருந்த விரிசல்கூட நினைவிருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் எங்கே எப்படி இருக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டாளா? சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய்க் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். இதுவரை தனக்காக அழுதாள். இந்த அழுகைக்கு ஆறுதல் சொல்ல ஆளே இல்லை.

மறுபடி வெல்வெட் வந்தது. கதவோர முக்காலிக்கு முன்னால்தான் மேற்பார்வையாளரும் தோழியும் நின்றார்கள்.

"ரெண்டாவது சுருள் தலைகீழா சுத்தியிருக்கு சார். திருப்பி விரிக்கணும். அரை நாள் ஆகும்."

"அதெல்லாம் நேரமில்ல. நீ வெட்டு, நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் நான்காம் நாள் தெரிந்தது. மறுபடி பாதி வெயில், பாதி நிழல். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மேடம்" என்றார் மேற்பார்வையாளர். தோழி அழுதாள். எட்டுப் பேரும் பழைய புதையலைத் தேடினார்கள்.

முதலாளியம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். "நாளையிலேர்ந்து நீங்களே மேசைக்கு வந்துடுங்க. இவ கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பதினேழு வருடம் திரும்பக் கிடைக்கும். படட்டும், நானும் இப்படித்தான் துடித்தேன் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. மில்லிமீட்டர் எழுந்து நின்றாள்.

"அவ சொன்னா மேடம். சுருள் தலைகீழா இருக்குன்னு சொன்னா. இவர்தான் வெட்டச் சொன்னாரு. நான் இங்கதான் உக்காந்திருந்தேன்."

மேற்பார்வையாளர் குரலை உயர்த்தினார். அவள் அதையே இன்னொருமுறை சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். முதலாளியம்மா அவரை உள்ளே கூப்பிட்டாள். தோழிக்கு வேலை நிலைத்தது. கத்தியும் அவளிடமே நின்றது.

மத்தியானம் தோழி முக்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். "என்னை ஏன்கா காப்பாத்துனீங்க?"

"உன்னை யாருடீ காப்பாத்துனா? நடந்ததச் சொன்னேன்."

தோழி முந்தானையைத் திருகினாள். "அன்னைக்கு நடந்தத நானும் உள்ள போய்ச் சொல்லிடட்டுமா?"

சொல்லு, ஓடிப்போய்ச் சொல்லு என்று மில்லிமீட்டருக்கு அவள் காலில் விழக்கூடத் தோன்றியது.

"அதைக் கேட்டுட்டா செய்வாங்க? தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

தோழியின் செருப்புச் சத்தம் நகர்ந்தது. முதலாளியம்மாவின் அறை இடப்பக்கம், வெட்டும் மேசை வலப்பக்கம். மில்லிமீட்டர் தலையைத் திருப்பவில்லை. காது மட்டும் பின்னாலேயே போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வலப்பக்கம் மின்கத்தி உறுமத் தொடங்கியது.

கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு அடுத்த கோட்டை மடியில் இழுத்துப்போட்டாள். பிசிறு தேடிக் கத்திரியை வைத்தபோதுதான் கவனித்தாள், கை நடுங்கவில்லை.