பொரசுத் தூளும் வேப்பிலையும்

பூந்தமல்லியிலிருந்து மாங்காடு போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு கொத்து வேப்பிலை. அரித்தால் இதால் தடவிக்கொள், நகம் படக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்ததும் மறு ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். ஒருவர் இறங்கி நின்று கும்பிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

அன்று காலை வரை நான் ஒரு மரவாடியில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிறவன். படுக்கையும் அங்கேதான், மரத்தூள் மூட்டைகளின் மேல். அந்த வாரம் பொரசு வந்திருந்தது. காட்டு மரம். இலையைக் கசக்கினால் நார்த்தை வாசம் வரும் என்று லாரிக்காரர் சொன்னார். நான் அதை இலையோடு பார்த்ததில்லை. அறுத்தால் உள்ளே மஞ்சளாக, பட்டுப்போல மினுங்கும். தூள் மாவு மாதிரி பறந்து வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். முகத்திலும் கழுத்திலும், சுருட்டிவிட்ட சட்டைக்கைக்குக் கீழேயும் நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பின.

முதலில் பார்த்தவன் என்னோடு மரம் தூக்குகிறவன். வழக்கமாக என்னை நாயே என்றுதான் கூப்பிடுவான். "இன்னாடா மூஞ்சில..." என்று ஆரம்பித்தவன் இரண்டடி பின்வாங்கினான். "ஆத்தா வந்துகீறீங்க."

"பொரசுத் தூள்டா. அரிக்குது."

"நாங்களும்தான் அதே தூள்ல நிக்கிறோம். எங்களுக்கு வர்லியே. அப்டிலாம் பேசாதீங்க, கோச்சிக்குவாங்க."

"யாரு?"

"நீங்கதான்."

வாடிக்காரரின் மனைவி இளநீரைக் கொண்டுவந்து எட்டவே வைத்தார். அம்மை கண்டவனைப் போ என்று சொல்லக் கூடாது, ஆத்தாளை விரட்டியதாகிவிடும். வைத்துக்கொள்ளவும் முடியாது, அவர் வீட்டில் கைக்குழந்தை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தாயே, மாங்காட்டுல உன் ஊடு கீது. அங்க போய்க் குளுந்துக்கோ. இந்தப் புள்ளைய கைவிட்டுடாத."

தாயும் நான், பிள்ளையும் நான். இரண்டில் எதற்குத் தலையாட்டுவது? நான் புறப்படும்போதே ரம்பத்தின் முன்னால் வேறொருவன் நின்றான்.

அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பார்கள். சின்ன வயதில் எனக்கு வந்ததா என்று கேட்க ஆளில்லை.

மாங்காட்டில் குழாயடியில் சட்டையைக் கழற்றினேன். சட்டை மூடியிருந்த இடத்தில் ஒரு கொப்புளமும் இல்லை; தூள் பட்ட இடத்தில் மட்டும்தான். காய்ச்சலும் இல்லை. ஆனால் குளித்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வந்தபோது எரிச்சல் பாதி அடங்கியிருந்தது. தண்ணீராலா, அவளாலா? வாடிய வேப்பிலையை எங்கே போடுவதென்றும் புரியவில்லை. மரம்தான் காரணம் என்றால் குப்பையில் போடலாம். அவள் என்றால் முடியாது. இடுப்பில் செருகிக்கொண்டு மதிலோரம் படுத்தேன்.

அம்மை என்றால் யாரும் வேலை தரமாட்டார்கள். மரம் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே வேலையும் போயிற்று. மறுநாள் காலை பட்டாபிராமில் இன்னொரு வாடியில் போய் நின்றேன்.

மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சில இன்னா நைனா?"

"கொசுக்கடி."

"கொசுவா, குளவியா? சரி, லோடு நிக்குது. ஏறு."

லாரி நிறைய மரம். வெட்டுமுகம் மஞ்சளாக மினுங்கியது.

"இன்னா பாத்துகினு கீற? ஏறு நைனா."

இடது சட்டைக்கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டேன். வலதை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டேன். லாரியில் ஏறினேன்.