மேனேஜருக்கு ரெண்டு ஊசி

எதுவும் பழுதாகாமல் ஒழுங்காக ஓடினால் லிஃப்ட் மாமாவுக்குப் பிடிக்காது. ஐந்து மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அவர் பொறுப்பு. ஐந்தாவது மாடியில் வீடு, அதற்கு மேலே மோட்டார் அறை. ஆக, தூங்கும்போதும் தலைக்கு மேல் அவருக்கு வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொருள் மக்கர் செய்தால் முதலில் காதை வைத்துக் கேட்பார். பிறகு ஓர் உதை விடுவார். அதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்பானரைத் தேடுவார். ரேடியோ முதல் துணி துவைக்கும் மெஷின் வரை இதே வைத்தியம்தான். மாப்பிள்ளையிடம் மட்டும் இரண்டாவது கட்டத்துக்குப் போகமுடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தெருமுனையில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஒருநாள் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே அவர். "ஒரு டீ குடிக்கிற நேரத்துல வெளிய எடுத்துட்டேன்" என்பது மாமாவின் கணக்கு. "டீ போட்டு, ஆத்தி, குடிச்சு, டம்ளரைக் கழுவி வைக்கிற நேரம்" என்பது மாப்பிள்ளையின் கணக்கு. அன்றிலிருந்து அவர் படியேற ஆரம்பித்தார். ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும், வாயை மூடிக்கொண்டு ஏறக்கூடாதா? எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம், "படி உடம்புக்கு நல்லது, உயிருக்கும் நல்லது" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். லிஃப்ட்காரன் வீட்டு மாப்பிள்ளையே படியேறினால் லிஃப்ட்காரன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பேச்சு நின்றது.

மகள் அதற்கு முன்பே வேலை நிமித்தம் ஒரு வருடத்துக்கு வெளியூர் கிளம்பிவிட்டிருந்தாள். வீட்டில் இரண்டு ஆண்களையும் ஒரு பூனையையும் விட்டுப் போயிருந்தாள். பூனைக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தது மாமாதான். ஒரு வேலையும் செய்யாது, எல்லார் வேலையையும் உட்கார்ந்து பார்க்கும். வேறென்ன பெயர் வைப்பது?

பேச்சு நின்றபிறகு மேனேஜருக்கு முதல்முறையாக ஒரு வேலை வந்தது. வீட்டுத் தபால் எல்லாம் அவர் வழியாகப் போனது.

"மேனேஜர், உங்க மாப்பிள்ளைகிட்ட பாத்ரூம் லைட்ட அணைக்கச் சொல்லுங்க."

"மேனேஜர், லைட் போட்டது உங்க மாமாதான்னு சொல்லுங்க."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலை நக்குவார். நடுநிலைமை என்றால் அதுதான்.

மேனேஜருக்குச் சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தார், ஒன்றுக்குப் போகிற மண் தட்டைக் குளமாக்கினார். வஞ்சனையில்லாமல் தின்றும் எலும்பும் தோலுமானார். பின்னங்கால் குதிகால் தரையில் படியத் தட்டையாக நடந்தார். மாமா மேனேஜரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, "பின்பக்கம் கிரீஸ் இல்ல" என்று தீர்ப்பு சொன்னார். மகள் அப்பாவைப் பொருட்படுத்தாமல் மேனேஜரைக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனாள்.

"பின்னங்கால் தொய்யுறது சர்க்கரை ஏறினதோட வேலை" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வாக்கியத்தை மாமா ஆணியடித்து மனதில் மாட்டிக்கொண்டார். மருந்து அதிகமானால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அப்போதும் தள்ளாடும், மயங்கும், வலிப்புகூட வரும், அதுதான் இன்னும் ஆபத்து என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போது மாமா அந்த அறை ஃபேனின் பேரிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் போகும்போது ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாள். காலை ஊசி அப்பா, மாலை ஊசி கணவர். இரண்டும் சாப்பாட்டோடு. அவள் போனபிறகு இந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் மாலை ஒரு பெரிய குடும்பமே பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டதால் மாப்பிள்ளைக்குத் தாமதம். 'பொறுப்பத்த ஜென்மம்' என்று முணுமுணுத்தபடி மாமா சாப்பாடு வைத்து, ஊசியைப் போட்டுவிட்டு, மோட்டார் அறைக்குப் போனார். மாப்பிள்ளை மூச்சிரைக்க ஏறி வந்தார். கிண்ணம் காலி. அது எப்போதும்தான் காலி. மறுபடி சாப்பாடு வைத்து ஊசி போட்டார். மேனேஜர் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தார். மாப்பிள்ளை ரெண்டு மணி நேரம் அறையில் ஃபோட்டோ வேலை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். முதல் ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டிய ஆள் மேனேஜர்தான். அவர் சொல்லவில்லை.

மாமா திரும்பி வந்தபோது மேனேஜர் கூடத்தின் நடுவே நின்றிருந்தார். பார்வை எங்கோ நிலைகுத்தியிருந்தது. நடக்கப் பார்த்தார், பின்பக்கம் ஒருபுறமாகச் சரிந்து விழுந்தார். தலை லேசாக ஆடியது. கூப்பிட்டால் காது திரும்பவில்லை.

உதைக்க முடியாத ஒன்று பழுதானால் மாமாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இந்த வீட்டில் அவர் நாள் முழுக்கப் பேசுவது இந்த ஒரு ஜீவனிடம்தான். இதுவும் போய்விட்டால் சுவரோடுதான் பேசவேண்டும். பின்னங்கால் தொய்ந்தால் சர்க்கரை ஏறிவிட்டது. ஆணியில் மாட்டியிருந்த வாக்கியம் கைக்கு வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்து, ஊசியில் ஏற்றினார்.

வேட்டி கட்டி, துண்டால் தலையைத் துவட்டியபடி வெளியே வந்த மாப்பிள்ளை அதைப் பார்த்தார். "மேனேஜர், உங்க..." என்று ஆரம்பித்தவர், மேனேஜர் தரையில் கிடப்பதைக் கண்டு அப்படியே நின்றார்.

"மாமா, வேண்டாம். நான் போட்டுட்டேன்."

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நானும் போட்டுட்டேனே மாப்பிள்ளை."

பேச்சு நின்ற ஏழு மாதத்தில் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டது இதுதான். இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குக் கேவலமான பேச்சு.

மாப்பிள்ளை டாக்டரம்மாவை ஃபோனில் கூப்பிட்டார். "தேன் இருந்தா விரல்ல எடுத்து ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். தடவிக்கிட்டே உடனே கொண்டு வாங்க" என்றார் அவர்.

மாமா தேனைத் தடவினார். மேனேஜரின் மீசையெல்லாம் தேன். மாப்பிள்ளை கூடையில் துண்டை விரித்து மேனேஜரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒருபுறம் படி, ஒருபுறம் லிஃப்ட். கூடையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமாவோடு லிஃப்டுக்குள் ஏறினார். மூன்றாவது மாடியருகே அது ஒரு குலுக்கு குலுக்கியது. மாமா கதவோரம் ஓர் உதை விட்டார். இறங்கியது.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே விசாரித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

"ஆமா" என்றார்கள்.

"ஊசி போட்டாச்சான்னு கேக்க ஒரு வார்த்தைதான ஆகும்?"

சிறிது நேரத்தில் மேனேஜர் கண்ணைச் சிமிட்டினார், தலையைத் தூக்கினார், குழாய் மாட்டியிருந்த காலைப் பார்த்து உறுமினார். மாமாவுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் சர்க்கரை மறுபடி இறங்கலாம், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருவரும் கிளம்பும்போது, "இனிமே யார் போட்டாலும் இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்லணும். அதுவும் மருந்துதான்" என்றார்.

காலிக் கூடையோடு இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் அது நின்றது.

மாமா பழக்கதோஷத்தில் கூடையைக் குனிந்து பார்த்து, "மேனேஜர், உங்க..." என்றார். கூடையில் தேன் ஒட்டிய துண்டுதான் இருந்தது. அவர் துண்டை எடுத்து மடித்து மறுபடி உள்ளே வைத்தார். மாப்பிள்ளை அதைப் பார்க்காதவர்போல் மேலே விளக்கைப் பார்த்தார்.

அப்போது மாமாவின் ஃபோன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, மேனேஜருக்கு ஊசி போட்டாச்சா? இன்னைக்கு யாரு போட்டா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தாம்மா" என்றார் மாமா.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை, அதே நேரத்தில்.