வராத வெள்ளம்

“மேடம், உங்க மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா?”

கலியமூர்த்தி போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். சீர்காழிப் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயிகள் குழுவுக்கு அவர் செயலாளர். அந்த ஊர் வாய்க்கால் பாலத்தின் அடியில் எங்கள் நிறுவனம் ஒரு சென்சார் பொருத்தியிருந்தது. தண்ணீர் மட்டம் முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் தாழ்வாகவே குறித்து வைத்த அளவைத் தாண்டினால் ஊர்க்காரர்களின் போனுக்குத் தானாக அழைப்பு போகும். அதற்கான புரோகிராமை எழுதியது நான். சென்னையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்.

“நேத்தும் வெள்ளம்னு போன் வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா முழங்கால் அளவு தண்ணிதான் கெடக்கு. இப்படியே போனா, நெசமா வெள்ளம் வர்றப்ப எவனும் போனை எடுக்க மாட்டான் மேடம்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் மேனேஜர் சுரேஷ் வீடியோ காலில் சுலபமான வழி ஒன்று சொன்னார். “லெவல் ஏறின உடனே அலர்ட் அனுப்பாதீங்க ஜெசிந்தா. ஒரு மணி நேரம் வெயிட் பண்ணுங்க. அப்பவும் இறங்கலைன்னா அனுப்பலாம்.”

“அதுக்குள்ள தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டா?”

அவர் ஒப்புக்கொண்டார். “சரி, அப்ப சென்சார் ஏன் பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிங்க. இந்த வாரத்துக்குள்ள முடிங்க. இல்லைன்னா என் வழிதான்.”

கருவி நிமிஷத்துக்கு நிமிஷம் பதிந்து வைக்கும் லாக்கைப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. பலருக்கு அது வெறும் எண்கள். எனக்கு நாவல் மாதிரி. யாரோ வருகிறார்கள், எதையோ செய்துவிட்டுப் போகிறார்கள். இந்த லாக்கிலும் அப்படித்தான். காலையில் வெயில் ஏறும்போது தண்ணீர் மட்டம் சட்டென்று உயர்ந்தது. சற்று நேரத்தில் இறங்கியது. சாயங்காலம் மறுபடியும் அதே கதை. கருவி பழுதாகியிருந்தால் இப்படி வேளை பார்த்துப் பழுதாகாது.

அந்த வாரம் வௌவால்களைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். வேலைக்காக இல்லை, நூலகத்தில் அட்டை பிடித்திருந்தது, எடுத்து வந்தேன். வௌவால் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தை அறிகிறது என்ற பக்கத்தில் நின்றுவிட்டேன். பாலத்தடியிலிருந்து கீழ்நோக்கி ஒலியை அனுப்பும் எங்கள் சென்சாரும் அதைத்தானே செய்கிறது? அதற்குத் தண்ணீர் எது என்று தெரியாது. ஒலி எதில் முதலில் பட்டுத் திரும்புகிறதோ, அதையே தண்ணீர் என்று எண்ணிக்கொள்ளும். அப்படியானால் தினமும் பாலத்தடியில் வந்து நிற்பது யார்?

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். கலியமூர்த்தி பாலத்தில் காத்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் வளைவில் ஒரே இரைச்சல். நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒன்றை ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நீந்தி வந்து பாலத்தடியில் நுழைந்தன. கலியமூர்த்தியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

“வெள்ளமாம் மேடம்!”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் கோலோடு வந்த வாத்துக்காரப் பெண்ணை மறித்தார். “ஏம்மா, நாளையிலேருந்து இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராத.”

ராணி என்ற அந்தப் பெண் பதறிப்போனார். “அறுத்த வயல்ல மேய விடத்தான் ஐயா போறேன். இந்த வாய்க்காலை விட்டா ரோட்டுலதான் ஓட்டணும். லாரியில அடிபட்டுச் செத்துப்போயிடும்.”

“இருங்க சார்,” என்றேன். “வரட்டும். எனக்கு இந்த வாத்துங்க வேணும். ராணி, இன்னொரு தடவை பாலத்துக்கு அடியில ஓட்ட முடியுமாங்க?”

“மெஷினுக்குக் காட்டவா?” ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பி ஓட்டினார்.

கரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எண்கள் மேலும் கீழும் துள்ளின. வாத்துகள் எவ்வளவு நெருக்கமாக வந்தாலும் நடுநடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் புகுந்த ஒலி மட்டும் உண்மையான தண்ணீரைத் தொட்டுத் திரும்பியது. ஒவ்வொரு நிமிஷத்திலும் வரும் மட்ட அளவுகளில் மிகத் தாழ்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், அதுதான் தண்ணீர். காத்திருக்கவும் வேண்டாம், வாத்துகளை விரட்டவும் வேண்டாம். அங்கேயே மாற்றி எழுதினேன். அடுத்த முறை வாத்துகள் கடந்தபோது கலியமூர்த்தியின் போன் அடிக்கவில்லை. கிளம்புமுன் ராணியிடம் கேட்டு, அவர் போன் நம்பரையும் அழைப்புப் பட்டியலில் சேர்த்தேன்.

ஐப்பசியில் விடாமல் மழை கொட்டிய ஒரு காலையில் அந்தச் சென்சாரிலிருந்து அலர்ட் போனது. உடனே கலியமூர்த்தி என்னைக் கூப்பிட்டார். “மேடம், இது வாத்தா, தண்ணியா?”

ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தேன். துள்ளல் இல்லை, சீராக ஏறிக்கொண்டிருந்தது. “தண்ணி சார். போங்க.”

தண்ணீர் தெருவுக்கு வருவதற்குள் மாடுகளையும் நெல் மூட்டைகளையும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். மதியம் ராணி பேசினார். பின்னால் காது கிழியும் இரைச்சல்.

“எல்லாத்தையும் மேட்டுக்குக் கொண்டாந்துட்டேன் மேடம். ஒண்ணுகூடப் போகல.”

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கருவி தவறான எண்ணைக் காட்டினால், உடனே அதை அழிக்கப் போகாதீர்கள். அது எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று போய்ப் பாருங்கள். எங்கள் சென்சார் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அங்கே ஏதோ வந்திருக்கிறது என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.