காவடியிலிருந்து கழற்றியவை

காஜா பேராங் ஊரில், எங்கள் வீட்டின் பின்னறையில், மாசி மாதத்து மதிய வெயில் பலகை இடுக்குகள் வழியே கோடு கோடாக விழும். அந்த வெளிச்சத்தில் அப்பாவின் காவடி தானாகவே மெல்ல ஆடுவது போலிருக்கும். பாதித் தூக்கத்தில் அதைப் பார்த்தபடியே கிடப்பேன். இன்றும் கண்ணை மூடினால் மயிலிறகும் விபூதியும் கலந்த அந்த வாசம் வருகிறது. நினைவா கனவா என்று எனக்கே நிச்சயமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாருக்காவது வேண்டுதல் என்றால் அப்பா காவடியில் ஒரு பொருளைக் கட்டிவிடுவார். மாசி மகத்தன்று அதைச் சுமந்து செங் என்ற ஊர்க் கோயிலுக்கு நடப்பார். வேண்டியது கிடைத்த பிறகும் கட்டியதை அவிழ்த்ததே இல்லை. சாமி கோபித்துக்கொள்ளுமாம். சாமிக்கு அவ்வளவு முன்கோபம் இருக்காது என்று நான் சொன்னால் அம்மா முறைப்பாள். வருஷா வருஷம் ஏறி ஏறி, அது காவடியா கடைத்தெருவா என்று தெரியாமல் போயிருந்தது.

சுதந்திரம் வந்த அடுத்த மாசியில், அப்பா நெஞ்சுச் சளியில் படுத்து எழுந்திருந்தார். மகத்துக்கு இரண்டு நாள் முன்பு காவடியைத் தோளில் ஏற்றிப் பார்த்தார். மூன்று எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஆனாலும் போகாமல் இருக்கமாட்டார். வழியில் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பாரத்தைக் குறைக்கலாம் என்று, ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு காவடி முன்னால் உட்கார்ந்தேன்.

"இது என்னாத்துக்குப்பா கட்டுனது?" என்று ஒரு வெண்கல மணியைப் பிடித்துக் கேட்டேன்.

"நம்ம மாடு கன்னு போட."

"அந்தக் கன்னே இப்ப நாலு கன்னு போட்டிருச்சு."

கழற்றினேன். சலங்கைக் கொத்து அவர் வேலை நிரந்தரமாவதற்கு. கண்ணாடிச் சரம் என் பரீட்சைக்கு. இன்னொரு பெரிய மணி, நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு. "அதான் வந்தாச்சே" என்று அப்பாவே அதை அவிழ்த்தார். பாயில் சாமான்கள் குவியக் குவிய, நான் அதுவரை பார்த்தேயிராத காவடியின் மரம் வெளியே வந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியில் உச்சியில் இருந்த மரமயில் மட்டும் மிஞ்சியது. எல்லாவற்றிலும் கனமானது அதுதான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன என் அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று வைத்தது. அவன் வரவில்லை. மயிலின் ஆணிவரை போன குறட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அப்பா மறுபடியும் தூக்கினார். மயில் ஒரு பக்கம் சாய்ந்து அவரையும் சேர்த்து இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா என் கையிலிருந்த குறட்டை வாங்கினாள். மயிலின் ஆணியைத் தானே பிடுங்கினாள்.

"நீங்க உங்க காவடிய தூக்குங்க. இவன நான் கொண்டாரேன்."

மகத்தன்று அப்பா விழவில்லை. வெறும் வளைவும் இரண்டு கொத்து மயிலிறகுமாக, மிதப்பது போல நடந்தார். பின்னால் அம்மா, மயிலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். செங்குக்கு ஐந்தாறு கட்டை, அதாவது ஐந்தாறு மைல் தூரம். வலித்தபோதெல்லாம் அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்கம்மா" என்று இரண்டு முறை கேட்டேன். தரவில்லை.