திரை வராத விஜயதசமி

புரட்டாசி பிறந்த முதல் வாரம், மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் பழைய கணினி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து பாளையங்கோட்டையில் என் வீட்டில் இறக்கினார். திரையும் பெட்டியும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும் வகை. அவருடைய வாப்பா அச்சகம் நடத்தியவர். தொண்ணூறுகளில் கல்யாணப் பத்திரிகை கோப்பதற்காக அதை வாங்கியிருக்கிறார். கிடைத்த தமிழ் எழுத்துருக்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. திரையில் புள்ளி புள்ளியாக வைத்துத் தாமே ஒன்றை வரைந்தார். அந்தக் காலத்து நிக்காஹ் பத்திரிகைகள் என்னிடம் சில உண்டு. எதையும் தேதிவாரியாக எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கு. அவற்றில் இருப்பது கொம்பு சற்றே நீண்டு, சுழி நன்றாக உருண்ட எழுத்து.

வாப்பா இப்போது இல்லை. அந்த எழுத்து இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. உள்ளிருக்கும் வன்வட்டை வேறு கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டார்கள், திறக்கவில்லை. நண்பரின் மகளுக்கு ரஜப் மாதம் நிக்காஹ்.

"பேத்தி பத்திரிகை அவுக எழுத்துல வரணும் வே. அச்சுப்பொறி வீட்டுல நல்லாத்தான் இருக்கு. இதுதான் முழிக்க மாட்டேங்கு," என்றார்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க மின்வாரிய மீட்டர் சோதனைக்கூடத்தில் இருந்தவன். ஓய்வுக்குப் பின் பழைய ரேடியோக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கணினியின் போர்டைக் கழற்றியதும் கோளாறு கண்ணிலேயே பட்டது. சின்னத் தகர டப்பி போன்ற கெப்பாசிட்டர்கள் கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து புதியவற்றைப் பற்றவைத்தேன். முடித்தபோது ஆயுத பூசைக்கு முந்தைய நாள் மாலை. மறுநாள் கருவிகளைத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, நண்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இயக்கலாம் என்று போர்டை மேசையிலேயே விட்டுவைத்தேன்.

விஜயதசமியன்று வந்தார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டார். போர்டைப் பெட்டிக்குள் பொருத்திச் சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது.

"வாப்பா பெட்டி இத்தன நாளு மூச்சில்லாம கெடந்துது. இப்பம் காத்தாவது வருதுல்லா," என்று சிரித்தார். போகும்போது மட்டும், "பைய பாரும். ஆனா மாப்பிள்ளை வீட்டுல பத்திரிகை எப்பம்னு கேக்காக," என்றார்.

என் பற்றவைப்பில்தான் பிழை என்று நினைத்தேன். எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மறுபடி எடுத்து மறுபடி வைத்தேன். அதில் ஓரிடத்தில் செம்புத் தடம் தூக்கிக்கொண்டது. மெல்லிய கம்பியால் ஒட்டுப்போட்டேன். பழைய போர்டைச் சூடாக்கும் ஒவ்வொரு தடவையும் இப்படி ஒன்று போகக்கூடும். திரை அப்போதும் வரவில்லை. இன்னும் ஒருமுறை சூடாக்கினால் அந்த எழுத்து நிரந்தரமாகப் போய்விடலாம் என்று பட்டது. பற்றவைக்கும் கோலை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன்.

அதன்பின் மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தேன். மின்சாரம் எல்லா இடத்துக்கும் சரியாக வந்தது. அடுத்தது துடிப்பு. போர்டு முழுவதற்கும் தாளம் போடுவது கிரிஸ்டல் என்கிற சின்ன வெள்ளி நிறப் பெட்டி. அதில் துடிப்பே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து அதன் அடியைப் பார்த்தேன். இரண்டு கால்களுக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்திருந்தது. காற்றிலிருந்து துளி ஈரத்தை இழுத்தாலும் அது போதும், துடிப்பை அடக்கிவிடும். வெளியே ஐப்பசி மழை.

சந்தனமும் குங்குமமும். விஜயதசமி காலையில் மேலாகத் துணியால் துடைத்தது நான்தான். அடியில் இறங்கியிருக்கும் என்று தோன்றவில்லை.

மனைவியைக் கேட்டேன். "திருப்புளி, மீட்டர், கத்திரி எல்லாத்துக்கும் வச்சிட்டு இத மட்டும் சும்மா விடவா? அதுதான் நெத்தி மாதிரி பளபளன்னு இருந்துது. அங்கன வச்சேன்," என்றாள். ஒவ்வொரு வருடமும் அவள்தான் வைப்பாள். சந்தனத்தைப் பன்னீரில் தளரக் குழைப்பாள்.

பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து அந்த இடத்தைக் கழுவி, மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் காயவிட்டேன். இயக்கிப் பார்க்காமல் நண்பரை வரச் சொன்னேன். அவர் வீட்டுப் பொருளுக்குப் பூசைப் பொட்டு வைத்து, அதனாலேயே அது படுத்துவிட்டது என்பதைச் சுவிட்சைப் போடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சொன்னேன்.

"பொட்டு வச்சது எனக்குத் தெரியுமே," என்றார். "அன்னைக்கே ஓரத்துல செவப்பாப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் பாய் சொல்லல?"

"உங்க வீட்டு வழக்கம். வாப்பா பொருளுக்கு மரியாதை செஞ்சிருக்காகன்னு நெனச்சேன். அத அழிச்சிரும்னு நான் எப்படிவே சொல்ல?" பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மதினி, அடுத்த வருசம் வெளிய பெட்டிக்கு வைங்க. மூளைக்கு வேண்டாம்."

"அப்பம் உங்க அண்ணனுக்கும் வெளியதான் வைக்கணும்," என்றாள் அவள், என்னைக் காட்டி.

சுவிட்சைப் போட்டேன். ஒரு மணியோசை கேட்டது. சாம்பல் நிறத்தில் திரை வந்தது. வட்டு கரகரவென்று நெடுநேரம் ஓடியபின் வரிசையாகக் கோப்புகள் தெரிந்தன. நண்பர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் பிஸ்மிக்கு 786 அடித்தார். அப்புறம் மகளின் பெயர். கொம்பு நீண்டு, சுழி உருண்டு வந்தது. கொஞ்ச நேரம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சிராதீரும்," என்றார். மகனுக்குப் போன் செய்து அச்சுப்பொறியைக் கொண்டுவரச் சொன்னார். அது வரும்வரை பத்திரிகை வாசகத்தை நான் படிக்க அவர் அடித்தார். ஒரு விரலால் அடித்ததால் சாயங்காலமாகிவிட்டது. அச்சான தாளை ஆப்செட்காரர் படமெடுத்துக்கொள்வார் என்று இரண்டு பிரதி எடுத்தார்.

மழை விட்டபாடில்லை. தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பெட்டியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மகனின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.